சபையில் ஒரே பந்தி, சம்பந்தம் பேசும்போது வேறு பந்தியா?

வாசகர் கடிதம்:

நான் தென் மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. எங்கள் சபையில் சேகரக் கமிட்டி உறுப்பினர். ஞாயிறு ஆராதனையில் அடிக்கடி வேதபாடம் வாசிப்பேன். மூத்த மகள் கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே சபைப் பாடகர் குழுவில் பழக்கமான ஒரு பையனைக் கல்யாணம் செய்ய விரும்புகிறாள். அவனும் எங்களைப் போல சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை)தான், பேங்க் வேலை. ஆனால் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவர்களான குடும்பம். நாங்கள் வேறு; எங்கள் சர்டிபிகேட்டில் பிசி. பையனைப் பார்த்தால் அந்த ஆட்கள் என்று சொல்ல முடியாது, நல்ல குணம். எனக்குத் தனிப்பட்ட முறையில் வெறுப்பு ஒன்றும் இல்லை.

மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். மைத்துனர், "இது நடந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்கிறார். சின்னவளின் கல்யாணம் என்ன ஆகும் என்ற பயம் வேறு. உபவாசம் இருந்து ஜெபித்தோம், மனதில் சமாதானம் வரவில்லை. இது தேவசித்தம் இல்லை என்பதற்கு அடையாளமா? மகள் போனில் கேட்டாள்: "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லைன்னு நீங்கதானேப்பா லெசன் வாசிச்சீங்க?" அதற்குப் பிறகு பீடத்துக்கு முன்னால் போய் வாசிக்கவே கூச்சமாக இருக்கிறது. வாசிப்பதை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த ஊர்ப் பெயரையும் சாதிப் பெயர்களையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் பல வீடுகளில் இதை "நம்ம வீட்டுக் கதை" என்றுதான் வாசிப்பார்கள். குடும்ப ஆலோசனைக்கு என்னிடம் வரும் கிறிஸ்தவப் பெற்றோர்களில், பிள்ளை குடிக்கிறான் என்று வருகிறவர்கள்கூட இந்த விஷயத்துக்காக வருகிறவர்கள் அளவுக்கு உடைந்து போயிருப்பதில்லை. அதனால் உங்கள் கஷ்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் நேராகச் சொல்ல வேண்டியதை நேராகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சமாதானம். ஜெபித்தும் சமாதானம் வரவில்லை, அதனால் தேவசித்தம் இல்லையோ என்கிறீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை, இந்த முறை வாசிப்பவராக இல்லாமல் ஒரு தகப்பனாக எடுத்துப் பாருங்கள். யோப்பாவில் பேதுரு வீட்டின்மேல் ஏறி ஜெபம்பண்ணப் போகிறார். ஜெபத்தில்தான் அந்தத் தரிசனம் வருகிறது. யூதருக்கு விலக்கப்பட்ட மிருகங்களைக் காட்டி, "அடித்துப் புசி" என்று குரல் கேட்கிறது. "அப்படியல்ல, ஆண்டவரே" என்கிறார். மூன்று தரம் இப்படி நடக்கிறது. ஜெபம் முடிந்த பிறகும் அவருக்குத் தெளிவு இல்லை, தனக்குள்ளே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்றே எழுதியிருக்கிறது. ஜெபத்தில் உட்கார்ந்திருந்தபோதே, ஆண்டவர் காட்டியதை வேண்டாம் என்று சொன்னவர் அவர். பிறந்தது முதல் ஊறிய பழக்கம் அப்படிச் சொல்ல வைத்தது.

அவருக்கு எப்போது தெளிந்தது? யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியு அனுப்பி, கீழே வந்து நின்ற ஆட்களை வீட்டுக்குள் அழைத்துத் தங்கவைத்தார். மறுநாள் அவர்களோடு புறப்பட்டுச் செசரியாவுக்குப் போனார். கொர்நேலியுவின் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான், எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக்கூடாதென்று தேவன் எனக்குக் காண்பித்தார் என்று அவர் வாயிலிருந்து வருகிறது. போகாமல் மாடியிலேயே இருந்து சமாதானத்துக்குக் காத்திருந்தால், அந்த வாக்கியம் நமக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் மனதில் இப்போது இருப்பது என்ன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மைத்துனர், சின்னவள் கல்யாணம், அடுத்த விசேஷத்தில் சொந்தக்காரர்கள் முகம். இதற்குப் பெயர் பயம். பயப்படுவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். உறவை நம்பி வாழ்கிற ஊரில் உறவு போய்விடுமோ என்று பயப்படாதவர் யார்? ஆனால் அந்தப் பயத்துக்கு "தேவசித்தம்" என்று பெயர் வைத்து மகளிடம் கொண்டுபோகாதீர்கள். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்று சொல்லுங்கள், அவள் புரிந்துகொள்வாள். "ஆண்டவர் வேண்டாம்னு சொல்றார்" என்றால், உங்கள் மேல் உள்ள நம்பிக்கையோடு ஆண்டவர் மேல் உள்ளதும் சேர்ந்து போகும். அப்படிச் சபையைவிட்டே போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது, "எனக்குத் தனிப்பட்ட முறையில் வெறுப்பு இல்லை" என்ற உங்கள் வரி. நம்புகிறேன். அந்தியோகியாவில் பேதுருவுக்கும் வெறுப்பு இல்லை. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறாரே, அங்கே பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்து இறங்கினதும் மெதுவாக விலகிக்கொண்டார். அவருடைய உபதேசம் எதுவும் மாறவில்லை. ஊரிலிருந்து ஆள் வந்தது, அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாகூட இழுபட்டுப் போனார். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார், அதற்கு அவர் கொடுத்த பெயர் மாயம், அதாவது வெளிவேஷம். நம் வீடுகளில் சாதி உயிரோடு இருப்பது பெரும்பாலும் இப்படித்தான். யாருக்கும் தனிப்பட்ட வெறுப்பு இருக்காது, எல்லாருக்கும் இன்னொருவர் மேல் பயம் இருக்கும். உங்கள் மைத்துனரைத் தனியாகக் கேட்டாலும் "எனக்கென்ன, ஊர் என்ன சொல்லும்?" என்பார்.

இப்போது, வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். "பையனைப் பார்த்தால் அந்த ஆட்கள் என்று சொல்ல முடியாது, நல்ல குணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பாராட்டித்தான் எழுதினீர்கள். அந்த வரியை அவனுடைய அம்மா வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவள் பெற்று வளர்த்த பிள்ளை நல்லவனாக இருப்பது அவள் சனத்துக்கு விதிவிலக்கு என்று அதில் இருக்கிறது. இந்த வரியை மகளிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்தப் பையன் வீட்டில் எந்தக் காலத்திலும் இது உங்கள் வாயில் வரவே கூடாது. இனிமேல் உங்களோடு இருக்கப்போகிற மருமகனை, இருபது வருஷம் கழித்தும் குத்தக்கூடிய பேச்சு இது.

நம் சபைகளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்றார். அதை ஏற்க முடியாமல் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானவர்கள் சபையைவிட்டு வெளியேறினார்கள். அடுத்த தலைமுறையில் மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் 'அன்பின் விருந்து' என்று வைத்து, எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. மறுத்த உபதேசிமார் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். வேதம் தெரிந்தவர்கள், ஜெபிக்கிறவர்கள், பிரசங்கிக்கிறவர்கள்தான் அவர்கள். இலை போட்ட இடத்தில்தான் முடியாமல் போனது.

இன்றைக்குச் சேர்ந்து சாப்பிடுவது நமக்குப் பழகிவிட்டது. அசனப் பண்டிகையில் வரிசையாக உட்கார்ந்து, பக்கத்தில் யார் என்று பார்க்காமல் சாப்பிடுகிறோம். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கு பெறுகிறோம். நீங்களே அசனத்தில் வாளி தூக்கிப் பரிமாறியிருப்பீர்கள். அதெல்லாம் பெரிய மாற்றம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பந்தியில் நின்ற கோடு அங்கிருந்து நகர்ந்து சம்பந்தத்தில் வந்து நிற்கிறது. உங்கள் மகள் கேட்டது இதைத்தான்.

மிஷனெரி ஞாயிறு காணிக்கையையும் நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலிச் சபையார் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் அங்கேயே பேராயரானார். அங்கே திரள்திரளாகச் சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள், அதாவது ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். அந்த வரலாற்றை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். தூரத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்காக ஸ்தோத்திரம் சொல்கிற அதே மனது, அவர்களைப் போன்ற ஒரு குடும்பம் சம்பந்தி வீடாக வரும்போது ஏன் சுருங்குகிறது? இதை உங்களிடம் மட்டும் கேட்கவில்லை, நம் எல்லாரிடமும்தான் கேட்கிறேன்.

அந்தப் பையனின் குடும்பம் எதைச் சுமந்து வந்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் வர மாட்டார்கள். பிறகு 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. அதனால் அவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். உங்கள் மகளுக்கும் பிசி, அந்தப் பையனுக்கும் பிசி. கிறிஸ்தவன் ஆனால் சாதி இல்லை என்று அரசாங்கம் சொல்லி, பட்டியல் சாதிக்கு உரிய சலுகையை நிறுத்திவிட்டது. அதை இழந்தும் அவன் தாத்தா, அப்பா காலம் முழுக்கச் சபையிலேயே இருந்திருக்கிறார்கள். அப்படி இருந்தவர்களிடம், பெண் கேட்கும்போது மட்டும் சபையாரே சாதி உண்டு என்று சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்?

சரி, இனி செய்ய வேண்டியது.

பையனைப் பற்றி விசாரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. விசாரிக்கவும் வேண்டும். சொந்தச் சாதியில் ஒரு வரன் வந்திருந்தால் என்னவெல்லாம் கேட்பீர்களோ, அதையெல்லாம் கேளுங்கள்: குடிப்பழக்கம் உண்டா, கடன் எவ்வளவு, கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வான், மகள் வேலைக்குப் போவதைப் பற்றி என்ன நினைக்கிறான், உடல்நலம், வேறு பொறுப்புகள். அதில் ஏதாவது சரியில்லை என்றால் தாராளமாக மறுக்கலாம், அது தகப்பன் செய்ய வேண்டிய வேலை. ஆனால் மறுப்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடி விசாரிக்காதீர்கள். அது மகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

சொந்தக்காரர்கள் வசனம் கொண்டு வருவார்கள். "அந்நிய நுகத்திலே பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்பார்கள். அது அவிசுவாசிகளைப் பற்றி எழுதியது. இந்தப் பையன் உங்கள் மகளோடு ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவன். மோசே எத்தியோப்பிய ஸ்திரீயை விவாகம் செய்ததற்கு எதிராகப் பேசிய மிரியாமுக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணாகமம் பன்னிரண்டில் இருக்கிறது, அதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். "தாய் தகப்பனைக் கனம்பண்ணு" என்று உங்கள் மகளிடம் சொல்வார்கள். அவள் உங்களிடம் மறைக்காமல் வந்து கேட்டாளே, அதைவிடக் கனம் என்ன இருக்கிறது?

உங்கள் மனைவியை அவசரப்படுத்தாதீர்கள். பெரும்பாலும் வீடுகளில் கோபம் அப்பாவுடையதாக இருக்கும், ஊரார் பேச்சு அம்மாவின் தலையில் விழும். "பிள்ளையை வளர்த்த லட்சணம்" என்று அவரைத்தான் கேட்பார்கள், உங்களைக் கேட்க மாட்டார்கள். அவர் அழுவதில் பாதி அதற்காக இருக்கலாம். வசனம் சொல்லி அவரை அடக்க வேண்டாம். "யார் என்ன சொன்னாலும் பதில் நான் சொல்றேன், நீ சொல்ல வேண்டாம்" என்று உறுதி கொடுங்கள், கொடுத்தபடி செய்யுங்கள். மகளோடு அவர் தனியாக இரண்டு நாள் இருந்து வரட்டும். கோயம்புத்தூருக்கு அனுப்பி வையுங்கள்.

சின்னவளைப் பற்றி நீங்கள் இருவரும்தான் பயப்படுகிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா? அக்கா கல்யாணத்தால் சில வீடுகளிலிருந்து வரன் வராது, உண்மைதான். அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவளை உட்காரவைத்து இதைத் திறந்து பேசுங்கள். பல வீடுகளில் தங்கைகள்தான் அக்காவுக்காக முதலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எப்படியானாலும், தங்கைக்காக அக்காவைப் பலி கொடுத்தார்கள் என்ற பாரத்தை வாழ்நாள் முழுக்க அவள்மேல் வைக்காதீர்கள்.

பிறகு, நீங்கள் அந்த வீட்டுக்குப் போங்கள். மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் வர வேண்டும் என்று முறை சொல்வார்கள். இங்கே அந்த முறையைப் பார்க்க வேண்டாம். அந்தப் பெற்றோருக்கும் பயம் இருக்கும்: மகன் வாழ்நாளெல்லாம் மாமனார் வீட்டில் தலைகுனிந்து நிற்பானோ, விசேஷத்துக்கு வந்தால் தங்களை எங்கே உட்காரவைப்பார்களோ, தங்கள் சொந்தக்காரர்களை யாராவது அடித்துவிடுவார்களோ. இந்தப் பயங்களில் எதுவும் வீண் பயமில்லை. நீங்கள் முதலில் போவது அதில் பாதியைத் தீர்க்கும். மனைவி வர மறுத்தால் முதல் முறை தனியாகப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள், போட்டதைச் சாப்பிடுங்கள். "எங்களுக்குச் சாதியெல்லாம் இல்லீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்பவர்களுக்கு அது உபகாரம் செய்ய வந்தவர் பேச்சாகப் படும். மகளைப் பற்றி, அவள் சின்ன வயது பற்றி, பையனின் வேலை பற்றி, அவர்கள் சபை பற்றிப் பேசுங்கள். சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்களோ அதைப் பேசுங்கள். நாங்கள் இறங்கி வந்தோம் என்ற எண்ணம் மனதில் கொஞ்சம் இருந்தாலும் முகத்தில் தெரியும். அது முழுவதும் போன பிறகுதான் போவேன் என்று காத்திருந்தாலும் நடக்காது. போகப் போகத்தான் போகும்.

இதை ஒரு சாட்சியாக்கிச் சபையில் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். "சாதியை விட்டுப் பெண் கொடுத்தவர்" என்ற பெயர் உங்களுக்குக் கிடைத்தால், "வாங்கிக்கொண்டவர்கள்" என்ற பெயர் அவர்களுக்கு வரும். சாதாரணக் கல்யாணம் போலவே பத்திரிகை அடியுங்கள், சாதாரணமாகவே அழைத்துவிட்டு வாருங்கள். வர மறுப்பவர்களிடம் வாதாட வேண்டாம். கதவை மட்டும் திறந்து வையுங்கள். குழந்தை பிறந்தால் பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

வேதபாடம் வாசிப்பதை விடலாமா என்று கேட்டீர்கள். விடாதீர்கள். அந்தக் கூச்சம் நல்லது. வாசித்த வார்த்தை முதலில் உங்களைத்தான் கேட்டிருக்கிறது. இப்போது வாசிப்பதை நிறுத்தினால் கூச்சம் போய்விடும், மகள் கேட்ட கேள்வி அப்படியே இருக்கும். நீங்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை கொஞ்ச நாள் வேறு ஒருவர் வாசிக்கட்டும் என்று தோன்றினால் குருவானவரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். காரணம் சொல்லாமல் நழுவ வேண்டாம். எப்படியும் அவரிடம் சீக்கிரம் பேச வேண்டும். இரண்டு சபைகளிலும் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டியிருக்கும், வழக்கமாக மூன்று ஞாயிறு. முதல் ஓலை வாசித்ததும் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் உங்கள் அண்ணன் தம்பிகளுக்கும் மைத்துனருக்கும் அதற்கு முன்பே, உங்கள் வாயால், நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். சபையில் உட்கார்ந்திருக்கும்போது கேள்விப்பட்டால் அவமானப்படுத்திவிட்டார் என்ற கோபமும் சேர்ந்துகொள்ளும்.

மைத்துனர் சொன்ன வார்த்தையை லேசாக எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது வெறும் கோபமாகவே இருக்கும். ஆனால் கிறிஸ்தவக் குடும்பம், அப்படியெல்லாம் நடக்காது என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வயதுவந்த இருவர் விரும்பித் திருமணம் செய்வதில் குடும்பமோ ஊரோ தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் தெளிவாகச் சொல்லி, மிரட்டலுக்கு ஆளாகிற தம்பதியருக்கு உதவ மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மிரட்டல் இன்னொரு தரம் வந்தால், தேதியையும் சொன்ன வார்த்தைகளையும் எழுதி வைத்துக்கொண்டு மாவட்ட எஸ்பி அலுவலகத்தில் மனு கொடுங்கள். 181 பெண்கள் உதவி எண் மகளுக்கும் தெரிந்திருக்கட்டும். அந்தப் பையனிடமும் அவன் பெற்றோரிடமும் இந்த மிரட்டலை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து வந்தால் முதலில் அவர்கள் பக்கம்தான் வரும். அவர்களைக் காப்பாற்றுவது இனி உங்கள் பொறுப்பும்தான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மகளும் அந்தப் பையனும் திருமணத்துக்கு முன் ஆலோசனைக்குச் சேர்ந்து உட்காரட்டும். பல பேராயங்களில் இது நடக்கிறது, குருவானவர் சொல்வார். உங்கள் மனைவி விரும்பினால் எனக்குத் தனியாக எழுதட்டும். நீங்கள் வாசிக்காமல் அனுப்ப வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அவருக்கு நேரடியாகப் பதில் எழுதுகிறேன்.